8 அடி கண்ணாடிக் கதவு: கதவு விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடாதீங்க!



மாதனூர், ஆம்பூர் பக்கம் பழைய செங்கல் வீடுகள்ல பின்பக்கம் மூன்றரை அடிக் கதவுதான் இருக்கும். கையில போனஸ் வந்ததும், அதை எடுத்துட்டு 8 அடி ஸ்லைடிங் கண்ணாடிக் கதவு வைக்கலாம்னு ஆசை வரும். ஷோரூம் விலையைக் கேட்டு அதையே பட்ஜெட்டா எழுதிக்கிட்டா பாதி வேலையில பணம் நின்னுடும். இந்த வேலையில முதல் பணம் கதவுக்கு இல்லை, கதவுக்கு மேல வர்ற பீமுக்கு!

1. சுவர் எதைத் தாங்குது?

பில்லர் போட்ட வீட்டில் தளத்தின் பாரம் பீம் வழியா பில்லருக்குப் போகும். பில்லர் இல்லாத வீட்டில் தளமே சுவர் மேலதான் உட்கார்ந்திருக்கு. 8 அடி அகலம், 3 அடி உயரம், 9 அங்குலக் கனம்னா, கதவுக்கு மேல நிக்கிற செங்கல் மட்டுமே சுமார் ஒரு டன். தளத்தோட பாரம் தனி. மூன்றரை அடிக்குப் போட்ட பழைய லிண்டல் இதைத் தாங்காது. அதனால கட்டுமான இன்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டுங்க. இந்தச் செலவில் மிச்சம் பிடிக்காதீங்க.

2. வேலை வரிசை

- முதலில் தளத்துக்கு முட்டு. அதுக்கப்புறம்தான் சுவரில் கை வைக்கணும்.
- இரும்பு ஐ-பீமா, காங்கிரீட் பீமா என்பதை இன்ஜினியர் சொல்லட்டும். இரண்டு முனையும் சுவர் மேல எவ்வளவு உட்காரணும்னு எழுதி வாங்குங்க.
- காங்கிரீட் பீம்னா, 6 மீட்டர் நீளம் வரைக்கும் 14 நாள் முட்டு நிக்கணும்னு ஐ.எஸ். 456 சொல்லுது. மேஸ்திரி அவசரப்பட்டாலும் எடுக்க விடாதீங்க.
- பூச்சு முடிஞ்ச பிறகு அளவு எடுத்துக் கதவு ஆர்டர் கொடுங்க. அளவுக்குச் செய்யும் கதவு, அரை அங்குலம் மாறினாலும் உட்காராது.

3. கதவுக் கணக்கு

8 × 7 = 56 சதுர அடி. மாதிரிக்கு, சதுர அடி 700 ரூபாய்னு கோட்டேஷன் வந்தா 39,200 ரூபாய். 18% ஜிஎஸ்டி 7,056 சேர்த்தா 46,256. டஃபன்டு கண்ணாடியா, பொருத்தும் கூலி, கொசுவலை, பூட்டு எல்லாம் உள்ளே இருக்கான்னு கேளுங்க. இன்ஜினியர், முட்டு, பீம், இடிப்பு, பூச்சு, தரை ஒட்டு வேலை எல்லாத்துக்கும் தனித்தனி வரி எழுதுங்க. மொத்தத்துக்கு மேல 15% கையில வைங்க.

4. திசையும் பணம்தான்

வேலூர் வட்டாரத்து வெயில் 40 டிகிரியைத் தாண்டும். மேற்குப் பார்த்த கண்ணாடின்னா சாயங்கால வெயில் நேரா உள்ளே வரும். அப்புறம் மாசாமாசம் ஏசி பில். வெளியே சன்ஷேடு போட முடியலைன்னா 8 அடியை 5 அடியாக்குங்க. பீமும் சின்னதாகும்.

5. கடன், வரி, பில்

சொந்தமா குடியிருக்கும் வீட்டைப் புதுப்பிக்கக் கடன் வாங்கினா, பழைய வரி முறையில் வட்டிக்கு வருஷம் 30,000 ரூபாய் வரைதான் கழிவு. புதிய முறையில் அதுவும் கிடையாது. அதனால "வரி மிச்சமாகும்"னு கடன் வாங்காதீங்க. ஆனா ஜிஎஸ்டி பில்லை பத்திரத்தோட சேர்த்து வைங்க. நாளைக்கு வீட்டை விற்கும்போது, மேம்பாட்டுச் செலவா காட்டி மூலதன ஆதாய வரியைக் குறைக்க அது உதவும்.

சுருக்கமா: பீமுக்கான பணம் தனியா எடுத்து வைச்ச பிறகு, மிச்சத்துக்கு எந்தக் கதவு வருமோ அதுதான் உங்க கதவு!