தீபக் கூட்டத்துக்கு முன் சர்வரைச் சோதியுங்கள்

திருவண்ணாமலையில் லாட்ஜ் வைத்து, அறைப் பதிவை பிஹெச்பி, மைஎஸ்கியூஎல் கொண்டு ஓட்டுகிறீர்களா? பௌர்ணமிக் கூட்டம் வருவதற்கு முன்பே தரவுத்தள இணைப்பைச் சோதித்துவிடுங்கள்.

பதிவுப் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பது சோதனை ஆகாது. இணைப்பை மட்டும் ஏற்படுத்தி, ‘சரி’ என்றோ பிழை எண்ணையோ காட்டும் சின்ன நிரலைத் தனியே எழுதுங்கள். எண்தான் துப்பு. 1045 வந்தால் பயனர் பெயரோ கடவுச்சொல்லோ தவறு. 1049 என்றால் அந்தப் பெயரில் தரவுத்தளமே இல்லை. 2002 வந்தால் சர்வரையே எட்டவில்லை. அது ஓடுகிறதா, 3306 போர்ட் திறந்திருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸில் இன்னொரு குழப்பமும் உண்டு. ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்று கொடுத்தால் சாக்கெட் கோப்பு வழியாகப் போகும், 127.0.0.1 என்றால் போர்ட் வழியாக. ஒன்று மறுத்தால் மற்றதைப் போட்டுப் பாருங்கள், பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழுந்தால், இணைப்பின் எழுத்துத் தொகுதியை யூடிஎஃப்8எம்பி4 ஆக்குங்கள். ரூட் கணக்கு வேண்டவே வேண்டாம். அந்த ஒரு தரவுத்தளத்துக்கு மட்டும் உரிமையுள்ள பயனர் போதும். வேலை முடிந்ததும் சோதனை நிரலை அழித்துவிடுங்கள், கடவுச்சொல் அதில்தானே இருக்கிறது!

கார்த்திகை தீபத்துக்குத் தனிக் கவனம் தேவை. மாற்றாமல் விட்டால் மைஎஸ்கியூஎல் ஒரே நேரத்தில் 151 இணைப்புகளைத்தான் ஏற்கும். அறை தேடுவோர் முண்டியடித்தால் 1040 பிழை வரும். வரம்பைக் கூட்டுவதற்கு முன், நிரல் தேவையில்லாமல் இணைப்புகளைப் பிடித்து வைத்திருக்கிறதா என்று பாருங்கள்.