வாசல் தேடிச் செல்லும் தொழில்

சொந்தத் தொழில் என்றதும் தையல், அழகுக்கலை, ஊறுகாய் விற்பனை ஆகியவையே நம் மாணவியர் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. அவை யாவும் நல்ல தொழில்களே. ஆயினும், சென்னை போன்ற நகரங்களில் வளர்ந்துவரும் மற்றொரு தொழிலையும் அறிந்துகொள்வது நலம். கார் வைத்திருப்பவர் பணிமனையில் காத்திருக்க வேண்டாதபடி, கருவிகளுடன் அவர் வீட்டு வாசலுக்கே சென்று, காரின் உள்ளும் புறமும் தூய்மை செய்து மெருகூட்டித் தருவதே அது. இதனை ‘நடமாடும் கார் டீட்டெய்லிங்’ என்கிறார்கள். இதற்குப் பெரிய கட்டடம் தேவையில்லை. ஆனால் நம்பிக்கை என்னும் முதல் தேவை. ஏன் என்பதை முதலில் காண்போம்.

காரின் மேற்பூச்சு

புதிய காரின் இரும்புத் தகட்டின்மீதுள்ள பூச்சு முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 100 முதல் 150 மைக்ரான் கனமே இருக்கும். ஒரு மில்லிமீட்டருக்கு 1000 மைக்ரான் என்பதை நினைவிற்கொள்க. அதிலும் மேலே பளபளக்கும் ‘கிளியர் கோட்’ என்னும் படலம் ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். பாலிஷ் போடுவது கீறலை நிரப்புவதன்று. கீறலைச் சுற்றியுள்ள படலத்தைச் சிறிது தேய்த்தெடுத்துச் சமன்செய்வதே ஆகும். எடுத்த படலம் மீண்டும் வளராது. எவ்வளவு எடுத்தோம் என்பது காரின் சொந்தக்காரர் கண்ணுக்குத் தெரியாது, செய்தவருக்கே தெரியும். ஆகவேதான் இத்தொழிலில் கைத்திறனோடு மனச்சான்றும் வேண்டியிருக்கிறது.

வேண்டிய கருவிகள்

நம் மக்கள் ‘குட்டியானை’ என்று அழைக்கும் சிறு சரக்கு வண்டி ஒன்று போதும். 200 லிட்டர் தண்ணீர்த் தொட்டி, பிரஷர் வாஷர், வேக்குவம் கிளீனர், ஜெனரேட்டர், இரண்டு வாளிகள், மைக்ரோஃபைபர் துணிகள், காருக்கென்றே உள்ள ஷாம்பு, மெழுகு ஆகியவை முதல் தேவைகள். 200 லிட்டர் தண்ணீரின் எடை 200 கிலோ. எனவே தொட்டியை வண்டியுடன் இறுகப் பிணைக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் அருகருகே இருப்பதால், மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சாதனத்தைப் பொருத்துவது கட்டாயம். அமிலம் கலந்த சக்கரத் தூய்மைப் பொருளையும் பிளீச்சிங் நீரையும் ஒருபோதும் கலக்கக்கூடாது. கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வெளிப்படும். வேதியியல் பாடம் இங்கே உயிர் காக்கும்!

தண்ணீரைப் பேணுதல்

2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு சென்னை தவித்ததை எவரும் மறக்கவில்லை. திறந்துவிட்ட ரப்பர் குழாயில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 15 லிட்டர் ஓடும். சிறிய பிரஷர் வாஷருக்கு 6 லிட்டர் அளவே போதும். வெறும் தூசு படிந்த காருக்கு, அலச வேண்டாத திரவத்தைக் கலந்த ஒரு வாளி நீரே போதுமானது. சேறு படிந்த காருக்கு இம்முறை ஆகாது. மண் உராய்ந்து கீறல் விழும். ஆழ்துளைக் கிணற்றின் உப்புநீர் காய்ந்தால் வெண்புள்ளிகள் தங்கிவிடும். ஆகவே நிழலில் கழுவி, காயுமுன் துடைக்க வேண்டும்.

வேலை செய்யும் முறை

தொடங்குமுன் சொந்தக்காரருடன் காரைச் சுற்றிவந்து, முன்பே உள்ள கீறல்களைக் குறித்துக்கொள்க. பிறகு வீண் வழக்கு எழாது. சக்கரங்களுக்குத் தனித் துணி, தனி வாளி வைத்துக்கொள்க. மேலிருந்து கீழாகக் கழுவுக. ஒரு வாளியில் ஷாம்பு நீர், மற்றதில் துணியை அலசும் நீர். தரையில் விழுந்த துணியைத் துவைக்காமல் மீண்டும் தொடாதீர்கள். உட்புறத்தில், பளபளப்புத் திரவத்தை ஸ்டீயரிங்கிலும் பிரேக் மிதியிலும் தடவவே கூடாது. வழுக்கினால் உயிருக்கே ஆபத்து.

கணக்கும் கடனும்

ஒரு காருக்கு 700 ரூபாய் வீதம் மாதம் 80 கார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரவு 56,000 ரூபாய். உதவியாளர் சம்பளம் 15,000, எரிபொருள் 8,000, ஷாம்பு முதலியன 6,000, கருவித் தேய்மானத்திற்கு ஒதுக்குவது 3,000, கடன் தவணை 6,000 எனச் செலவு 38,000 ரூபாய். மீதி 18,000. போட்டிக்கு அஞ்சி விலையில் 100 ரூபாய் குறைத்தால் மீதி 10,000 ஆகிவிடும். விலையில் ஏழில் ஒரு பங்கு குறைய, வருவாயில் ஏறக்குறையப் பாதி போய்விடுகிறது! எனவே விலையைக் குறைப்பதைவிட வேலையை உயர்த்துவதே அறிவுடைமை.

2015-இல் தொடங்கப்பட்ட முத்ரா திட்டத்தில், சிறுதொழிலுக்குப் பிணையின்றி வங்கிக் கடன் பெறலாம். முதற்படியான ‘சிசு’ பிரிவில் 50,000 ரூபாய் வரையும், அடுத்த ‘கிஷோர்’ பிரிவில் 5 லட்சம் வரையும் கேட்கலாம். ‘உத்யம்’ பதிவுக்குக் கட்டணம் இல்லை.

விளம்பரம்

வண்டியின்மீது பெயரும் தொலைபேசி எண்ணும் தெளிவாக இருக்கட்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கச் செயலாளரைச் சந்தித்து, ஒரு காரின் பானெட்டில் பாதியை மட்டும் மெருகூட்டிக் காட்டுங்கள். மறுபாதி உங்களுக்காகப் பேசும். சொந்தக்காரரின் இசைவுடன், எண் பலகையை மறைத்து எடுத்த படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பலாம். ஆனால் “எல்லாக் கீறலும் போகும்” என்று எழுதாதீர்கள். நகம் தட்டுப்படும் ஆழமான கீறல் பாலிஷால் போகாது. அதை முன்கூட்டியே சொல்பவளை அந்த வீட்டார் மறுமுறையும் அழைப்பர். அண்டை வீட்டாருக்கும் சொல்வர். இதைவிடச் சிறந்த விளம்பரம் இல்லை.

பெற்றோருக்கு ஒரு சொல்

“பெண்பிள்ளை வீடு வீடாகச் சென்று கார் கழுவுவதா?” என்று தயங்குவோர் உண்டு. அவர்கள் தயக்கத்தில் அன்பும் இருக்கிறது. முன்னரே நேரம் குறித்து, இருவராகச் சென்று, திறந்த வெளியில் பகலில் செய்யும் வேலை இது. கணக்கும் வேதியியலும் நிதானமும் இதற்குத் தேவை. இவற்றில் நம் மாணவியர் எவருக்கும் குறைந்தவர் அல்லர்.

மாணவியரே! எத்தொழிலை மேற்கொண்டாலும், பிறர் பொருளை நம் பொருளினும் மேலாகப் பேணுங்கள். யாரும் அளந்து பார்க்க முடியாத இடத்திலும் அளவோடு நடப்பவளின் வண்டிக்கு எந்த வாசலும் திறந்தே இருக்கும்.