செல்போன் எங்கே இருக்கிறது? – நேரத்தை அளந்து இடத்தைக் கண்டுபிடிக்கும் கணக்கு



போன வருஷம் ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, நானும் எங்க மாமாவும் பைக்கில் வந்துகொண்டிருந்தோம். ஒரு சின்னப் பாலத்துக்கிட்ட வண்டி சறுக்கி விழுந்துவிட்டது. எனக்குச் சிராய்ப்பு மட்டும்தான். மாமாவுக்குக் கால் எலும்பு முறிந்துவிட்டது. மாமா சட்டைப் பையில் இருந்த பழைய பட்டன் செல்லை எடுத்து ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். "எங்கப்பா இருக்கீங்க?" என்று கேட்டார்கள். "பாலத்துக்கிட்ட, புளியமரத்துக்குப் பக்கத்துல" என்றேன். அந்த ரோட்டில் பாலமும் நிறைய, புளியமரமும் நிறைய. கடைசியில் அந்த வழியாக வந்த பால்காரர் ஒருவர் போனை வாங்கிச் சரியாக இடம் சொன்னார். அதற்குள் அரைமணி நேரம் போய்விட்டது. மாமா இப்போது நன்றாக நடக்கிறார்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி மட்டும் போகவே இல்லை. போன் டவரோடு பேசுகிறது. அப்படியென்றால் போன் எங்கே இருக்கிறது என்று டவருக்குத் தெரியாதா? சயின்ஸ் சாரிடம் கேட்டேன். "கொஞ்சம் தெரியும், முழுசாத் தெரியாது. ஏன்னு நீயே படிச்சு எழுது" என்றார். அதுதான் இந்தக் கட்டுரை.

1. இடியும் மின்னலும்

மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவோம் அல்லவா? மின்னலுக்கும் இடிக்கும் நடுவில் 6 விநாடி இருந்தால் மின்னல் சுமார் 2 கி.மீ. தூரத்தில் இருக்கிறது. ஒலி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போவதால், மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று வரும்.

தொலைவு = வேகம் × நேரம். எட்டாம் வகுப்பிலேயே படித்த சூத்திரம்தான்.

ஆனால் இதில் தூரம் தெரிகிறதே தவிர திசை தெரிவதில்லை. 2 கி.மீ. தூரத்தில் கிழக்கிலும் இருக்கலாம், மேற்கிலும் இருக்கலாம். நம்மை மையமாக வைத்து 2 கி.மீ. ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தில் எங்கோ ஓரிடம். இதை நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

2. செல்போனின் வேகம்

செல்போன் அனுப்புவது வானொலி அலை. அதுவும் ஒளியைப் போல மின்காந்த அலைதான். வேகமும் ஒளியின் வேகம்தான்: விநாடிக்கு 29,97,92,458 மீட்டர். நாம் 3 லட்சம் கி.மீ. என்று வைத்துக்கொள்வோம்.

1 மைக்ரோ விநாடி (ஒரு விநாடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு) = 300 மீட்டர்
1 நேனோ விநாடி (நூறு கோடியில் ஒரு பங்கு) = 30 செ.மீ., அதாவது நம்ம ஸ்கேல் நீளம்!

ஆகவே நேரத்தை அளப்பதில் ஒரு மைக்ரோ விநாடி தப்பினாலே தூரத்தில் 300 மீட்டர் தப்பிவிடும்.

3. தூரத்துப் பிள்ளை சீக்கிரம் கிளம்ப வேண்டும்

2ஜி என்று சொல்லும் ஜி.எஸ்.எம். முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் போன்கள் மாறி மாறிப் பயன்படுத்தும். ஒவ்வொரு போனுக்கும் கிடைப்பது சுமார் 577 மைக்ரோ விநாடி மட்டுமே. அதற்குள் அனுப்பிவிட்டு அடுத்த போனுக்கு வழிவிட வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல். டவருக்குப் பக்கத்தில் இருக்கும் போனின் அலை உடனே வந்து சேரும். 30 கி.மீ. தள்ளி இருக்கும் போனின் அலை வந்து சேர 100 மைக்ரோ விநாடி ஆகும். அது தாமதமாக வந்து அடுத்தவன் நேரத்தில் மோதும். நம் பள்ளியில் பிரேயருக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நிற்க வேண்டும் என்றால், தூரத்து ஊர்ப் பிள்ளைகள் முன்னாலேயே கிளம்ப வேண்டும் அல்லவா? அதேதான். டவர் ஒவ்வொரு போனிடமும் "நீ இத்தனை படி முன்னாடியே அனுப்பு" என்று ஓர் எண்ணைச் சொல்லும். இதற்கு டைமிங் அட்வான்ஸ் என்று பெயர். 0 முதல் 63 வரை இருக்கும்.

ஒரு படி என்பது 3.69 மைக்ரோ விநாடி. 3.69 × 300 = 1107 மீட்டர். ஆனால் இது டவரிலிருந்து போனுக்குப் போய்த் திரும்பும் தூரம். அதனால் பாதி எடுக்க வேண்டும். ஒரு படி = சுமார் 550 மீட்டர். 63 × 550 = 34,650. சாதாரணமாக ஒரு ஜி.எஸ்.எம். டவரின் எல்லை 35 கி.மீ. என்று சொல்வது இதனால்தான்.

அலைகள் மோதாமல் இருக்க ஏற்படுத்திய எண் இது. அதிலிருந்தே தூரமும் கிடைத்துவிட்டது!

4. அப்படியென்றால் ஏன் கண்டுபிடிக்க முடியவில்லை?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். எங்க மாமா போனுக்கு அன்றைக்கு 7 என்ற எண் இருந்தது என்று வைத்துக்கொள்வோம். 7 × 550 = 3850 மீட்டர். அடுத்த படி 4400 மீட்டர். போன் இந்த இரண்டு வட்டங்களுக்கும் நடுவில் ஒரு வளையத்தில் இருக்கிறது.

வளையத்தின் பரப்பு = π (4.4² – 3.85²) = 3.14 × (19.36 – 14.82) = சுமார் 14 சதுர கி.மீ.

டவரில் பொதுவாக மூன்று பக்கம் பார்த்த மாதிரி ஆண்டெனா இருக்கும். எந்தப் பக்கத்து ஆண்டெனா பேசியது என்று தெரிந்தால் மூன்றில் ஒரு பங்கு, அதாவது 5 சதுர கி.மீ.க்குக் கொஞ்சம் குறைவு. ராத்திரியில், மழையில், 5 சதுர கி.மீ.யில் ஒரு பையனையும் ஒரு பைக்கையும் தேடுவது எப்படி? இந்த விடை வந்ததும் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

5. ஒரு டவர் போதாது

இரண்டு டவரிலிருந்து தூரம் தெரிந்தால் இரண்டு வட்டங்கள். அவை இரண்டு இடத்தில் வெட்டும். மூன்றாவது டவரின் வட்டமும் சேர்ந்தால் ஒரே இடம்தான் மிஞ்சும். காம்பஸ் எடுத்து வரைந்து பாருங்கள், புரியும்.

ஆனால் 2ஜி போன் பேசும்போது ஒரு டவரோடுதான் எண் வைத்துக்கொள்ளும். பக்கத்து டவர்களுக்குப் போனின் அலை காதில் விழும், ஆனால் போன் எப்போது அனுப்பியது என்று தெரியாது. இதற்கு ஒரு தந்திரம் இருக்கிறது. எப்போது கிளம்பியது என்று தெரிய வேண்டாம். யாருக்கு முதலில் வந்தது, எவ்வளவு முந்தி வந்தது என்று தெரிந்தால் போதும்.

'அ', 'ஆ' என்ற இரண்டு டவர்கள் 3 கி.மீ. இடைவெளியில் உள்ளன. அலை 'அ'வுக்கு 2 மைக்ரோ விநாடி முந்தி வந்தது என்றால், போன் 'ஆ'வை விட 'அ'வுக்கு 600 மீட்டர் பக்கத்தில் இருக்கிறது. நேர்கோட்டில் என்றால் 1200, 1800. கோட்டை விட்டு விலகினால் 2000, 2600 என்றும் இருக்கலாம். வித்தியாசம் 600 வரும் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்தால் ஒரு வளைகோடு வரும். அதுதான் அதிபரவளையத்தின் ஒரு கிளை. "இது எதுக்குடா படிக்கிறோம்?" என்று அலுத்துக்கொள்ளும் பிளஸ் டூ அண்ணன்கள் கவனிக்க! 'இ' என்ற மூன்றாவது டவர் இன்னொரு வளைகோடு தரும். இரண்டும் பொதுவாக வெட்டும் இடத்தில் போன்.

உங்களுக்குத் தெரியுமா?

* முதல் உலகப் போரில் எதிரியின் பீரங்கி எங்கே இருக்கிறது என்று இதே முறையில் ஒலியை வைத்துக் கண்டுபிடித்தார்கள். பல மைக்குகளில் வெடிச்சத்தம் கேட்ட நேர வித்தியாசத்தை அளந்தார்கள். அந்த வேலையில் முக்கியமானவர் லாரன்ஸ் பிராக். 1915இல் அப்பாவோடு சேர்ந்து நோபல் பரிசு வாங்கியபோது அவருக்கு வயது 25.

* இரண்டாம் உலகப் போரில் 1942இல் பிரிட்டிஷ் விமானங்கள் 'ஜீ' என்ற கருவியால் வானொலி அலைகளின் நேர வித்தியாசத்தை அளந்து தங்கள் இடத்தை அறிந்தன.

* அமெரிக்காவில் 911க்குப் போன் செய்பவரின் இடத்தைச் செல்போன் நிறுவனங்கள் சொல்ல வேண்டும் என்று 1996இல் விதி வந்தது. பின்பு, டவர்களை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை என்றால் 67 சதவீத அழைப்புகளில் 100 மீட்டருக்குள் சரியாக இருக்க வேண்டும் என்று அளவும் வைத்தார்கள்.

6. நாங்கள் செய்து பார்த்தோம் (தோற்றும் போனோம்)

நானும் மூன்று நண்பர்களும் கிரவுண்டில் செய்து பார்த்தோம். மூன்று மூலையில் மூன்று பேர் ஸ்டாப் வாட்ச்சோடு நின்றார்கள். பி.டி. சார் கொடியை இறக்கியதும் மூவரும் ஒன்றாக வாட்ச்சை ஓட விட்டார்கள். அவர்களுக்கு முதுகு காட்டச் சொல்லிவிட்டு நான் ஓரிடத்தில் விசில் ஊதினேன். கேட்டதும் நிறுத்தினார்கள். கணக்குப் போட்டால் நான் காம்பவுண்டு சுவரைத் தாண்டி பஸ் ஸ்டாப்பில் நின்றிருக்க வேண்டும்!

சயின்ஸ் சார் சிரித்துவிட்டுச் சொன்னார்: "விசில் சத்தம் 100 மீட்டர் போக 0.3 விநாடி. கேட்டதும் உன் விரல் பட்டனை அமுக்க 0.2 விநாடி. ஆளுக்கு ஆள் அது மாறும். நீ சத்தத்தை அளந்தியா, விரலை அளந்தியா?"

0.2 × 340 = 68 மீட்டர். எங்கள் கணக்கு சரிதான், கடிகாரம்தான் சரியில்லை. டவர்களுக்கும் இதே பாடுதான். எல்லா டவரின் கடிகாரமும் ஒன்றுபோல ஓடினால்தான் வித்தியாசத்தை நம்ப முடியும். அது போதாது என்று, நகரத்தில் அலை கட்டடத்தில் பட்டுச் சுற்றி வரும். சுற்றி வந்தால் நேரம் கூடும், போன் தூரத்தில் இருப்பதுபோலக் காட்டும்.

7. வானத்தில் இருக்கும் கடிகாரங்கள்

ஜி.பி.எஸ். முறையிலும் இதே கணக்குதான், டவர்கள் மட்டும் வானத்தில் இருக்கின்றன. சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள், அணுக் கடிகாரம் வைத்துக்கொண்டு "இப்போது மணி இவ்வளவு, நான் இங்கே இருக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அலை கீழே வர 0.07 விநாடி அளவுக்கு ஆகும்.

நம் போனில் அணுக் கடிகாரம் இல்லை. அதனால் தெரியாதவை நான்கு: x, y, z, அப்புறம் போன் கடிகாரத்தின் பிழை. நான்கு தெரியாதவை என்றால் நான்கு சமன்பாடுகள் வேண்டும். ஆகவே குறைந்தது நான்கு செயற்கைக்கோள்கள்.

இன்னொரு விஷயம். ஐன்ஸ்டீனின் சார்பியல் கொள்கைப்படி மேலே இருக்கும் கடிகாரம் நாள் ஒன்றுக்கு 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். திருத்தாமல் விட்டால் 38 × 300 = 11,400 மீட்டர், ஒரே நாளில் 11 கி.மீ.க்கு மேல் பிழை!

நம் நாட்டின் நாவிக் வரிசையில் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பியது. அதில் இருந்த மூன்று அணுக் கடிகாரங்களும் பழுதாகிவிட்டன என்று 2017இல் இஸ்ரோ தெரிவித்தது. செயற்கைக்கோள் மேலேதான் சுற்றியது. ஆனால் மணி சொல்ல முடியாததால் இடம் சொல்ல உதவவில்லை. 2018இல் அதற்குப் பதில் வேறொன்று அனுப்பினார்கள்.

பலர் நினைப்பதுபோல ஜி.பி.எஸ். செயற்கைக்கோள் நம்மைப் பார்ப்பதில்லை. அது பேசும், நம் போன் கேட்கும், அவ்வளவுதான். இடத்தைக் கண்டுபிடிப்பது போன். அதை இன்னொருவருக்கு அனுப்பினால்தான் அவருக்குத் தெரியும். 2014இல் இங்கிலாந்தில், அவசர எண்ணை அழைத்ததும் போனே தன் இடத்தைத் தானாக அனுப்பும் முறையைத் தொடங்கினார்கள். மாமாவின் பட்டன் செல்லில் ஜி.பி.எஸ். கிடையாது.

8. நாம் செய்ய வேண்டியது

நண்பர்களே, எந்தக் கருவியையும் முழுசாக நம்பி இருக்காதீர்கள். நான் கற்றுக்கொண்டவை:

* ரோட்டில் போகும்போது கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலையில் மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை.
* எந்த ஊர் தாண்டினோம், அடுத்த ஊர் எது என்று மனதில் வையுங்கள்.
* பக்கத்து மின்கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அதைச் சொல்லுங்கள்.
* ஸ்மார்ட்போன் என்றால் மேப்பில் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணைப் பார்க்கப் பழகுங்கள். புள்ளிக்குப் பிறகு நான்கு இலக்கம் சொன்னால் போதும், சுமார் 11 மீட்டருக்குள் வந்துவிடுவார்கள்.

அன்றைக்கு அந்தப் பாலத்துக்கு நாற்பதடி முன்னால் ஒரு கிலோமீட்டர் கல் இருந்தது. மறுவாரம் பஸ்ஸில் போகும்போதுதான் பார்த்தேன். தினமும் அந்த வழியாகத்தான் போய்வருகிறேன்.

சிந்தனைக்கு: 4ஜி முறையில் டைமிங் அட்வான்ஸ் ஒரு படி 0.52 மைக்ரோ விநாடி. அப்படியென்றால் ஒரு படிக்கு எத்தனை மீட்டர்? போய்த் திரும்புவதை மறக்க வேண்டாம். (விடை தாளின் அடியில் தலைகீழாக உள்ளது.)



– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்

விடை: 0.52 × 300 ÷ 2 = 78 மீட்டர்.