தலையில் வைக்கும் பூவும் நஞ்சில்லாமல் இருக்கட்டும்

நஞ்சில்லாத அரிசி வேணும், நஞ்சில்லாத காய் வேணும்னு நாம எல்லாரும் பேசுறோம். அதே வீட்டில் தினமும் தலையில் வைக்கிற பூ எப்படி விளைந்ததுன்னு யாரும் கேட்கிறதில்லை. பூவை யாரும் சாப்பிடப் போறதில்லையேன்னு ஒரு நினைப்பு.

மல்லிகைத் தோட்டத்தைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மொட்டுப்புழு விழுந்தால் பூ விலை போகாது. அதனால் மருந்து அடிக்கிறார்கள். அடித்து இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்கணும்னு டப்பாவில் போட்டிருந்தாலும் மொட்டு காத்திருக்காது, மறுநாளே பறித்தாகணும். விடியற்காலையில் வெறுங்கையோடு பறிக்கிற பெண்கள்தான் அந்த நஞ்சை முதலில் வாங்கிக்கொள்கிறார்கள். அடுத்தது தொடுக்கிற கை. கடைசியில் நம் வீட்டுப் பிள்ளையின் தலை.

இதற்கு நாம் செய்யக்கூடியது எளிது. வீட்டுக்கு வேண்டிய பூவை வீட்டிலேயே வளர்ப்பது. அரை சென்ட், அதாவது சுமார் 220 சதுர அடி இருந்தால் போதும். வருசம் முழுக்க ஏதாவது ஒரு பூ கிடைக்கும்.

எந்த மாதம் எந்தப் பூ

ஒரே பூவை நம்பினால் நாலு மாதம் சும்மா இருக்கணும். கலந்து வைக்கணும்.

• பங்குனி முதல் புரட்டாசி வரை: மல்லிகை, முல்லை.
• ஐப்பசி முதல் தை வரை: செவ்வந்தி.
• கார்த்திகை, மார்கழி, தை: டிசம்பர் பூ. பனிக்கு மல்லிகை வரத்துக் குறைந்து, கடையில் விலை எகிறும் நேரத்தில் இதுதான் கை கொடுக்கும்.
• அடைமழை நாள் தவிர எப்போதும்: கனகாம்பரம்.
• விதைக்கிற பட்டத்தைப் பொறுத்து: செண்டுமல்லி (சில ஊர்களில் துலுக்கச் சாமந்தி, கேந்தி).

மல்லிகை

நாலு செடி போதும். நல்ல வெயில் படும் இடமாக இருக்கணும். செடிக்குச் செடி 4 அடி விட்டு, ஒரு அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, மக்கிய தொழுவுரம் 10 கிலோ போட்டு மண்ணைக் கலந்து வையுங்கள். ஆனி முதல் கார்த்திகை வரை நடலாம்.

பலர் வீட்டில் மல்லிகை காடு மாதிரி வளரும், பூ மட்டும் வராது. கவாத்து செய்யாததுதான் காரணம். புதுத் தளிரில்தான் மொட்டு வரும். குண்டுமல்லியைக் கார்த்திகையில், நவம்பர் கடைசி வாரத்தில், தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு வெட்டுங்கள். முல்லைக்கு ஜனவரி கடைசி. வெட்டியதும் காய்ந்த குச்சியை எல்லாம் எடுத்துவிட்டுத் தொழுவுரம் வைத்துத் தண்ணீர் விடணும்.

மொட்டுப்புழு வந்தால் என்ன செய்வது? மொட்டில் ஓட்டை, நூலாம்படை தெரிந்தால் அந்த மொட்டுகளைக் கிள்ளிச் சேர்த்து அழியுங்கள். புழு மண்ணுக்குள் போய்த்தான் கூட்டுப்புழுவாக மாறும். அதனால் செடியைச் சுற்றிக் களைக்கொட்டால் லேசாகக் கொத்திவிட்டால் வெயிலும் கோழியும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் 50 கிராம் வேப்பம் பருப்பை இடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து வடிகட்டி, கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளிக்கலாம். நாலு செடிக்கு இது பெரிய வேலையே இல்லை.

கனகாம்பரம்

மணம் கிடையாது, ஆனால் தொடுத்தால் சீக்கிரம் வாடாது. அரை நிழலிலும் வரும். தென்னைக்குக் கீழே வைக்கலாம். 2 அடிக்கு ஒரு அடி இடைவெளி. டெல்லி கனகாம்பரம் விதை தராது, குச்சி வைத்துத்தான் வளர்க்கணும். நாட்டு வகைக்கு விதை உண்டு. காய்ந்த கதிரில் மழை பட்டால் விதை தெறித்துவிடும். மழைக்கு முன்னாடியே கதிரை வெட்டிப் பைக்குள் போட்டு வையுங்கள்.

இதற்குப் பெரிய எதிரி வேரில் முடிச்சுப் போடும் நூற்புழு. செடி காரணமில்லாமல் வெளிறிப்போனால் ஒன்றைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். நடுவதற்கு முன்னால் அந்த இடத்தில் இரண்டு, மூன்று மாதம் செண்டுமல்லியை நெருக்கி வளர்த்தால் இந்தத் தொல்லை குறையும். செண்டுமல்லி வேரிலிருந்து கசியும் பொருள் நூற்புழுவைக் கட்டுப்படுத்தும்.

செவ்வந்தி

ஆனி, ஆடியில் பக்கக்கன்று பிரித்து ஒரு அடிக்கு ஒன்று நடுங்கள். நாலாவது வாரம் நுனியைக் கிள்ளிவிட்டால் கிளை அடித்துப் பூ நிறைய வரும். பகல் குறைந்து இரவு நீளும்போதுதான் இது மொட்டு வைக்கும். தெருவிளக்கு வெளிச்சம் இரவெல்லாம் விழும் இடத்தில் வைத்தால் பூக்கத் தாமதமாகும். சில நேரம் பூக்காமலே நிற்கும்.

பூச்செடியால் காய்க்கும் லாபம்

செண்டுமல்லியைத் தக்காளிப் பாத்தி ஓரத்தில் வையுங்கள். காய்ப்புழுவின் தாய் அந்துப்பூச்சி செண்டுமல்லி மொட்டைத் தேடிப்போய் முட்டை வைக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் பூக்கணும். அதனால் செண்டுமல்லியைத் தக்காளிக்கு 15, 20 நாள் முன்னாடியே விதைக்கணும். அதில் விழும் புழுவைக் கையால் பொறுக்கணும். விட்டுவிட்டால் நாமே புழு வளர்த்த கதைதான்.

துளசி, தும்பை, ஒற்றை அடுக்குச் செம்பருத்தி இருந்தால் தேனீ வரும். பூசணி, பாகல், பீர்க்கன் காய்ப்பிடிக்கத் தேனீ வேணும். செம்பருத்தியில் எறும்பு வரிசையாக ஏறினால் மாவுப்பூச்சி வந்தாச்சுன்னு அர்த்தம். அந்தக் கிளையை வெட்டி எடுங்கள், மீதியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள்.

எல்லாச் செடிக்கும் 15 நாளுக்கு ஒரு தரம் 10 லிட்டர் தண்ணீரில் 300 மில்லி பஞ்சகவ்யா கலந்து தெளித்தால் போதும். அடியில் சருகு மூடாக்கு. காய்கறி கழுவின தண்ணீர், அரிசி களைந்த தண்ணீர் எல்லாம் இங்கேதான் போகணும்.

ஒரு எச்சரிக்கை: அரளியும் செங்காந்தளும் அழகுதான். ஆனால் இரண்டும் முழுச்செடியும் நஞ்சு. சின்னப் பிள்ளைகளும் ஆடு மாடும் எட்டும் இடத்தில் வேண்டாம். வெட்டின அரளிக் கிளையைத் தொழுவம் பக்கம் போடவே கூடாது.

புதுசாக இயற்கை விவசாயத்துக்கு வருகிறவர்கள் ஒரு ஏக்கரில் இறங்கும் முன்னால் இதைச் செய்து பாருங்கள். பூ பறிக்கத் தினமும் காலையில் செடிக்கிட்டே போயே ஆகணும். போனால் இலைக்கு அடியில் முட்டை தெரியும், பொறிவண்டு தெரியும், ஈரம் தெரியும். அந்தப் பார்வை பழகிவிட்டால் வயலில் பாதி வேலை முடிந்த மாதிரி. சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து வாழைநாரில் பூத்தொடுக்கிற அந்த அரை மணி நேரத்துக்கு வீட்டுப் பிள்ளைகளும் கூட வந்து உட்காரும். அது தனிச் சந்தோசம்.

நாற்றுப் பண்ணைக்கு ஓட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஒரு முல்லைக் கிளை கேளுங்கள், பதிலுக்கு டிசம்பர் பூக் குச்சி கொடுங்கள். நம் ஊரில் பூச்செடி பரவினதே இப்படித்தான்.