எலக்ட்ரானுக்கு வேகம் கொடுப்பது ஒளியா, அலையா?



பெரியாஸ்பத்திரியில் கேன்சருக்கு "கரண்ட் வைக்கிறாங்க" என்று பேசிக் கேட்டிருப்பீர்கள். அது கரண்டே இல்லை. வேகமாக ஓடும் எலக்ட்ரான்கள் உலோகத்தில் மோதும்போது பிறக்கும் எக்ஸ் கதிர்கள்தான் அந்த மெஷினில் பெரும்பாலும் வேலை செய்கின்றன. ஆக, முதலில் எலக்ட்ரானை ஓட வைக்க வேண்டும். அதை லேசர் ஒளியால் செய்ய முடியுமா?

லேசரைக் குவித்து அடித்தால் அணுவிலிருந்து எலக்ட்ரான்கள் பிய்ந்து வரும். எலக்ட்ரானும் அயனியும் தனித்தனியாகத் திரியும் அந்த நிலைதான் பிளாஸ்மா. ஆனா ஒரு சிக்கல். ஒளியின் மின்புலம் எலக்ட்ரானை ஒரு கணம் மேலே தள்ளும், மறுகணம் கீழே தள்ளும். கொடுத்ததைத் திருப்பி வாங்கிக்கொள்ளும் கஞ்சன்!

இதற்கு 1979-ல் தாஜிமா, டாசன் என்ற இரு விஞ்ஞானிகள் வழி சொன்னார்கள். அலங்காநல்லூரை நினைத்துப் பாருங்கள். காளை சீறி வந்தால் கூட்டம் இருபுறமும் விலகுது. காளை தாண்டியதும் திமுதிமுவென்று திரும்பச் சேருது. லேசர் துடிப்புதான் காளை. எலக்ட்ரான்கள்தான் கூட்டம். அயனிகள் கனமானவை, தடுப்புக் கட்டை மாதிரி அசையாமல் நிற்கும். எலக்ட்ரான் விலகிய இடத்தில் நேர்மின்னூட்டம் மிஞ்சும். அந்த இடைவெளிக்குப் பின்னால் எலக்ட்ரான்கள் நெருக்கியடிக்கும். இந்த மின்புலம் ஓர் அலையாக லேசரின் பின்னாலேயே ஓடும். சரியான இடத்தில் மாட்டிய எலக்ட்ரானை விடாமல் ஒரே திசையில் தள்ளும். (திமிலைப் பிடித்தவர் காளையோடு போவது போல என்று எழுத ஆசைதான். ஆனா எலக்ட்ரான் தொற்றுவது காளையை அல்ல, பின்னால் வரும் அலையை.)

சாதாரண முடுக்கியில் மின்புலத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உலோகக் குழாயில் தீப்பொறி பறக்கும். பிளாஸ்மா ஏற்கெனவே பிய்ந்து கிடப்பது, அதற்கு அந்தப் பயம் இல்லை. ஆயிரம் மடங்கு வலுவான மின்புலத்தையும் தாங்கும். 2019-ல் அமெரிக்காவின் பெர்க்லி ஆய்வகத்தில் வெறும் 20 செ.மீ. நீளத்தில் எலக்ட்ரான்களுக்கு 780 கோடி எலக்ட்ரான் வோல்ட் கிடைத்தது. நம்ம பெஞ்சில் வைக்கும் ஸ்கேலை விடக் குட்டை!

ஆனால் அந்த லேசர் ரொம்பப் பெரியது. சின்ன லேசர் போதாதா? ஹைதராபாத்தில் உள்ள டாடா ஆய்வு நிறுவனத்தினர் 2024-ல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் கேட்டது. அவர்களுடைய துடிப்பின் ஆற்றல் சுமார் 2 மில்லிஜூல். ப்ளஸ் ஒன் மாணவர்கள் கணக்குப் போடுங்கள்: 20 கிராமை ஒரு செ.மீ. தூக்கினால் அவ்வளவுதான்! இலக்கு, முடியை விட மெல்லிய மெத்தனால் துளி. முதல் துடிப்பு துளியைக் குழிவாக்கும். 4 நானோ விநாடி கழித்து வரும் துடிப்பு அந்தக் குழியில் உள்ள பிளாஸ்மாவில் அலைகளை எழுப்பும். இங்கேயும் அலைதான் எலக்ட்ரானைத் தள்ளுகிறது. வழக்கமாகத் தேவைப்படும் ஒளிச்செறிவில் நூறில் ஒரு பங்கிலேயே பத்து லட்சம் எலக்ட்ரான் வோல்ட் அளவு வந்துவிட்டது.

இதை வைத்து உடனே கரண்ட் வைக்க முடியாது. வெளிவரும் எலக்ட்ரான்களில் சிலது வேகம், சிலது மந்தம். ஆனால் மிகச் சிறிய பொருட்களை எக்ஸ்ரே படம் எடுக்க இது உதவும். விநாடிக்கு ஆயிரம் துளி, ஆயிரம் அடி!

– ப்ளஸ் ஒன் அறிவியல் பிரிவு