தில்லை மரமும் கிள்ளான் கடலும்



சிதம்பரத்துக்குத் தில்லை என்று ஏன் பெயர் வந்தது? சமய வகுப்புக்குப் போனவர்கள் உடனே பதில் சொல்லிவிடுவீர்கள்: அது தில்லை மரங்கள் அடர்ந்த வனமாக இருந்தது, அந்த மரமே கோயிலின் தல விருட்சம். சரி, அடுத்த கேள்வி. தில்லை எப்படிப்பட்ட மரம்? யாராவது பார்த்திருக்கிறீர்களா? இங்கேதான் நம்மில் பலர் விழிப்போம்.

தில்லை, கடல்நீர் வந்து போகும் சேற்றுநிலத்தில் வளரும் மரம். அலையாத்திக் காட்டைச் சேர்ந்தது. நம் ஊரில் அந்தக் காட்டை 'பக்காவ்' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். கிளையை ஒடித்தால் வெள்ளைப் பால் வடியும். அது கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து. அதனால்தான் மலாய்மொழியில் இதற்கு 'பூத்தா பூத்தா' என்று பெயர். பூத்தா என்றால் குருடு. சிதம்பரத்துக்குக் கிழக்கே பிச்சாவரம் காட்டில் இந்த மரம் இன்றும் நிற்கிறது. நம் சிலாங்கூர் கடலோரத்திலும் நிற்கிறது.

பெயரைக் காப்பாற்றித் தந்தார்கள் நம் முன்னோர். மரத்தை அறிந்துகொள்வது நம் வேலை. அதற்கென்றே ஒரு படிப்பு இருக்கிறது: கடலோர, கடல் அறிவியல். இந்த மாதப் பாடம் அதுதான்.

அமாவாசையும் கடல்மட்டமும்

பிரிக்பீல்ட்ஸில் இருப்பவர்கள் கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறினால், ரயில் மாறாமலே போர்ட் கிள்ளான் போய் இறங்கலாம். கடல் நமக்கு அவ்வளவு பக்கம். அங்கே கடல்மட்டம் ஒரு நாளில் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. பெரிய ஏற்றம் வரும் நாட்களில் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வித்தியாசம் இருக்கும். அதாவது ஒரு மாடி உயரத்துக்கும் அதிகம்.

ஏன் இப்படி? அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியன், பூமி, நிலா மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்கின்றன. இரண்டு ஈர்ப்பும் சேர்ந்து இழுக்க, அன்றோ ஓரிரு நாள் தள்ளியோ பெரிய ஏற்றம் வருகிறது. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் ஈர்ப்புகள் குறுக்கும் நெடுக்குமாக நிற்பதால் ஏற்றம் குறைவு. மலாக்கா நீரிணை குறுகலாகவும் ஆழம் குறைவாகவும் இருப்பது கிள்ளான் பக்கம் அந்த ஏற்றத்தைப் பெருக்கிவிடுகிறது. வீட்டில் மாட்டியிருக்கும் பஞ்சாங்க நாட்காட்டியையும் 'ஆயெர் பாசாங் பெசார்' எச்சரிக்கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தொடர்பு தானே தெரியும்.

சேற்றுக்குள் என்ன?

பக்காவ் காட்டைப் பார்த்தால் சேறு, கொசு, நாற்றம் என்றுதான் தோன்றும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்களுக்கு அப்படித் தோன்றவில்லை. ஏ. சசேகுமார் 1974-இல் வெளியிட்ட ஆய்வு, மலாயாச் சதுப்புக் கரையில் எந்த நண்டு, எந்த நத்தை எந்த நீர்மட்டத்தில் வாழ்கிறது என்று அடியடியாக அளந்து சொன்னது. பிறகு அவரும் சோங் விங் சிங்கும் மற்றவர்களும் சிலாங்கூரின் சதுப்பு ஓடைகளில் வலை போட்டு மீனையும் இறாலையும் எண்ணினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட மீன் வகைகள் கிடைத்தன. பெரும்பாலானவை குஞ்சுகள். மீன்களும் இறால்களும் சிறுவயதில் ஒதுங்கி வளரும் தொட்டில் அது. பாசார் மாலாமில் நாம் வாங்கும் இறாலுக்கும் அந்தச் சேற்றுக்கும் தொடர்பு உண்டு.

பிச்சாவரம் தரும் பாடம்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல்வாழ் உயிரியல் மையத்தைச் சேர்ந்த கதிரேசனும் ராஜேந்திரனும் அந்தக் கரையோரத்தில் 18 குக்கிராமங்களை ஆராய்ந்தார்கள். காடு இருந்த இடத்தில் உயிரிழப்பு குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். உலகமே அதைக் கவனித்தது. தில்லைவனம் மக்களைக் காத்தது என்று கேட்கும்போது நமக்கும் நெஞ்சு நிறையும்.

கதை அதோடு முடியவில்லை. 2006-இல் வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை எடுத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். கிராமம் எவ்வளவு மேட்டில் இருந்தது, கடலிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது என்ற இரண்டுமே பெரும்பகுதி வித்தியாசத்தை விளக்கிவிடுகின்றன, காட்டின் பங்கை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்கள்.

இதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. காடு சாதாரண அலையின் வேகத்தைத் தணிக்கிறது என்பதில் சந்தேகமில்லை. சுனாமியையும் தடுக்குமா என்பதுதான் கேள்வி. "காடு இருக்கு, பயமில்லை" என்று நம்பித் தாழ்வான இடத்தில் வீடு கட்டினால் போவது உயிர். நமக்குப் பிடித்த முடிவு என்பதற்காக ஒன்றை உண்மை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. 'மெய்ப்பொருள் காண்பது அறிவு' என்று சின்ன வயதிலேயே மனப்பாடம் செய்தோமே, அதைச் செய்து காட்டுவதுதான் ஆராய்ச்சி.

நம் மாநிலத்திலும் ஓர் உதாரணம் உண்டு. சபாக் பெர்ணம் பக்கம் சுங்கை ஹாஜி டோரானியில் அரித்துப்போன கரையில் மலாயாப் பல்கலைக்கழகக் குழு ஒன்று மீண்டும் காடு வளர்க்க முயன்றது. வெறுமனே கன்று நட்டால் அலை அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் முதலில் அலைத்தடுப்பு கட்டி, சேறு படிய இடம் கொடுத்து, பிறகுதான் நட்டார்கள். அப்படியும் எல்லாக் கன்றும் பிழைக்கவில்லை. மரம் நடு விழாவுக்கு டி-சட்டை அடிக்கும் முன் நம் கிளைகள் இதை யோசிக்க வேண்டும்.

எங்கே படிக்கலாம்?

திரெங்கானுவில் உள்ள மலேசியத் திரெங்கானு பல்கலைக்கழகம் இத்துறைக்குப் பெயர்போனது. 1979-இல் மீன்வள, கடல் அறிவியல் மையமாகத் தொடங்கி, 2007-இல் இன்றைய பெயரைப் பெற்றது. பாங்கியில் யு.கே.எம்., கோத்தா கினாபாலுவில் சபா பல்கலைக்கழகம் ஆகியவையும் கடல் அறிவியல் கற்பிக்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கடல், புவி அறிவியல் கழகம் மேற்படிப்புக்கு ஏற்றது; அதற்குக் கிளந்தான் பாச்சோக்கில் ஆய்வு நிலையமும் உண்டு. பினாங்கு தெலுக் பஹாங்கில் மாசி மகத்தன்று சிங்கமுகக் காளியம்மன் கடலில் பவனி வருகிறாளே, அதே கரையோரத்தில்தான் யு.எஸ்.எம். கடல் ஆய்வு மையம் இருக்கிறது.

எஸ்.பி.எம்.மில் அறிவியல் பாடங்களையும் கணிதத்தையும் விட்டுவிடாதீர்கள். எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அசாசி எந்த வழியாகவும் போகலாம். தகுதிகள் அவ்வப்போது மாறும், யு.பி.யு. தளத்தில் அந்த ஆண்டு விவரத்தைப் பாருங்கள். நீச்சல் தெரியாதே என்று தயங்க வேண்டாம். ஆய்வுக்கூடத்திலும் கணினியிலும் செய்ய நிறைய வேலை இருக்கிறது.

"மருத்துவம், சட்டம் இருக்க, மீன் பிடிக்கவா படிக்கப் போறே?" என்று வீட்டில் கேட்பார்கள். கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். மீன்வளத் துறை, கரை அரிப்பைக் கவனிக்கும் வடிகால் நீர்ப்பாசனத் துறை, செரி கெம்பாங்கானில் கடல்மட்ட உயர்வை ஆராயும் நாஹ்ரிம், சுற்றுச்சூழல் ஆலோசனை நிறுவனங்கள், துறைமுகங்கள் எல்லாவற்றுக்கும் இந்தப் படிப்பு தேவை. வேலை வாசலில் காத்திருக்கும் என்று சொல்ல முடியாது. அது எந்தப் படிப்புக்கும் பொருந்தும். ஆனால் கிள்ளான் கரையை உயர்த்துவதா, காட்டை விடுவதா, தாழ்வான கம்போங்கில் இருப்பவர்களை எங்கே குடியேற்றுவது என்று பேசும் மேசையில் நம் பிள்ளை ஒருவரும் இருக்க வேண்டாமா? நம் குடும்பங்களும் அந்தக் கரையில்தான் வாழ்கின்றன. அஸ்தி கரைக்கவும் அந்தக் கடலுக்குத்தான் போகிறோம்.

கிளைக் கூட்டத்தில் பேச

1. அடுத்த அமாவாசையை ஒட்டி மூன்று நாட்கள் போர்ட் கிள்ளான் கடல்மட்ட அட்டவணையைக் குறித்து வாருங்கள். உச்சம் எந்த நாளில் வந்தது?

2. கடலில் நாம் செய்யும் சடங்குகளில் தண்ணீரில் விடக்கூடியவை எவை, திரும்ப எடுத்து வரவேண்டியவை எவை?

3. உங்கள் ஊர்க் கோயிலின் தல விருட்சம் எது? அது எங்கே, எந்த மண்ணில் வளர்கிறது? பெயரோடு நிறுத்தாமல் போய்ப் பார்த்து வந்து சொல்லுங்கள்.