தொடுகைக்கு அஞ்சும் இளம் நாயும் வீட்டுப் பூனையும்

ஒரே கூரையின் கீழ் நாயையும் பூனையையும் வளர்ப்போர் நகரங்களிலும் கிராமங்களிலும் பலர் உளர். நான்கு முதல் எட்டு மாத வயதுள்ள இளம் நாய் இத்தகைய வீடுகளில் இருவகைத் தொல்லை தருவதுண்டு. உண்ணி எடுக்கவோ, காது துடைக்கவோ, நகம் வெட்டவோ கை வைத்தால் அது உறுமுகிறது. சில வேளை கடிக்கவும் செய்கிறது. பூனையைக் கண்டாலோ பாய்ந்து துரத்துகிறது. இவை ஒன்றோடொன்று தொடர்பற்றவை என்றே பலரும் கருதுவர். கூர்ந்து நோக்கினால், பல வீடுகளில் இரண்டாவது தொல்லையே முதலாவதை வளர்த்து வருவது புலனாகும்.

துரத்தலின் காரணம்

நாயின் மூதாதையர் ஓநாய் இனத்தைச் சேர்ந்த வேட்டைப் பிராணிகள். ஓடும் பொருளைப் பின்தொடர்வது அவ்வினத்தின் இயல்பூக்கமாகும். பூனையும் வேட்டைப் பிராணியே. எனினும் உருவிற் சிறியதாதலால், அச்சம் தோன்றியவுடன் உயரமான இடத்தை நாடி ஓடுகிறது. அவ்வோட்டமே நாயைத் தூண்டிவிடுகிறது.

இவ்விரு பிராணிகளின் குறிப்புகளும் வேறுபட்டவை. தளர்ந்த உடலுடன் நாய் வாலை அகலமாக ஆட்டுவது பெரும்பாலும் நட்பின் அடையாளம். பூனை வாலை இருபுறமும் அடிப்பதோ எரிச்சலின் அடையாளம். முன்கால்களைத் தாழ்த்தி விளையாட அழைக்கும் நாயைப் பூனை பகையாகக் கொள்ளக்கூடும். அப்பொழுது அதன் நகம் நாயின் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையலாம். நாயின் வாயில் அகப்பட்ட பூனை உயிரிழக்கவும் கூடும்.

தொடுகை பெறும் பொருள்

உணவுக்கு முன் ஓர் ஒலியைப் பன்முறை எழுப்பி வந்தால், நாளடைவில் அவ்வொலியைக் கேட்ட மாத்திரத்திலேயே நாய்க்கு உமிழ்நீர் சுரக்கும் என்பதை ரஷ்ய விஞ்ஞானி பாவ்லோவ் மெய்ப்பித்தார். மனிதக் கைக்கும் இவ்விதி பொருந்தும். நாய் பூனையைத் துரத்தும்போதெல்லாம் வளர்ப்பவர் ஓடிவந்து கழுத்துப்பட்டையைப் பற்றி இழுக்கிறார். கை வந்தால் கழுத்து இறுகும், விருப்பமானது பறிபோகும் என்று நாய் கற்றுக்கொள்கிறது. பின்னர் அதே கை உண்ணி எடுக்க வரும்போதும் அது உறுமுவதில் வியப்பில்லை. பூனையின் தோற்றமும் அவ்வாறே துன்பத்தின் முன்னறிவிப்பாகிவிடுகிறது. மேலும், மிகுந்த கிளர்ச்சியிலுள்ள நாய், தன்னைப் பிடிக்கும் கையையே திரும்பிக் கடித்துவிடக்கூடும்.

உடற்காரணங்களும் உண்டு. நாய்க்குட்டியின் 28 பாற்பற்கள் விழுந்து 42 நிலைப்பற்கள் முளைப்பது ஏறத்தாழ மூன்று முதல் ஏழு மாதங்களுக்குள் நிகழ்கிறது. அக்காலத்தில் ஈறு நோவதால் எதையும் கடிக்கும் இயல்பு மிகும். காதழற்சி, தோற்புண், மூட்டுவலி ஆகியவற்றாலும் தொடுகை வெறுக்கப்படலாம். ஆகவே, முன்பு இணங்கிய நாய் திடீரெனத் தொடவிடாது மறுத்தால், முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

அமெரிக்காவில் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், புல்லர் என்போர் பல ஆண்டுகள் நடத்திய ஆராய்ச்சி 1965-இல் நூலாக வெளிவந்தது. நாய்க்குட்டிகள் பிறரோடு மிக எளிதில் பழகும் பருவம் ஏறத்தாழ 3 முதல் 12 வாரம் வரை என்பது அதன் முக்கிய முடிவுகளுள் ஒன்று. அப்பருவத்தில் பூனையையும் மனிதக் கையையும் அறிந்த குட்டி பிற்காலத்தில் எளிதில் இணங்கும். அப்பருவம் கடந்த நாயும் கற்கும். ஆனால் காலமும் பொறுமையும் மிகுதியாக வேண்டும்.

பயிற்சி முறை

முதற்கண் பூனைக்குப் பாதுகாப்பு அமைதல் வேண்டும். நாய் ஏற முடியாத பரண் அல்லது அலமாரித் தட்டு, தப்பிச் செல்ல இரண்டு வழிகள், நாய்க்கு எட்டாத உணவுத் தட்டு, தனியிடத்தில் மணல் தட்டு ஆகியன இன்றியமையாதவை. மேற்பார்வை இல்லாதபோது இரண்டையும் கதவால் பிரித்து வைத்தல் நலம்.

அடுத்தது தொடுகைப் பயிற்சி. பூனை இல்லாத அறையில் நாயின் தோளை ஒரு விநாடி தொட்டு, உடனே ஒரு சிறு துண்டு உணவு தருதல் வேண்டும். தொடுகை முன்னும் உணவு பின்னுமாக அமைவது முக்கியம். உணவைக் காட்டிவிட்டுத் தொட்டால், உணவே ஐயத்துக்குரிய அடையாளமாகிவிடும். நாளொன்றுக்கு இருமுறை, ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று நிமிடம் போதுமானது. தோளில் தொடங்கிக் கழுத்துப்பட்டை, காது, பாதம், விரலிடுக்கு எனப் படிப்படியாகச் செல்லலாம். நாய் உதட்டை நக்குதல், முகத்தைத் திருப்புதல், உடல் விறைத்தல் போன்ற குறிகள் தென்பட்டால், ஒரு படி பின்வாங்குதல் வேண்டும்.

மூன்றாவதாகப் பூனையைக் காணும் பயிற்சி. தளர்வான வாரில் நாயை நிறுத்தி, பூனையைக் கண்டும் அமைதியாக உணவு உண்ணக்கூடிய தொலைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூனையைப் பார்த்தவுடன் உணவு. பெயர் சொல்லி அழைக்கத் திரும்பினால் மீண்டும் உணவு. தொலைவை நாட்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். பூனையைக் கையில் தூக்கி நாயின் அருகே கொண்டுசெல்லுதல் கூடாது. மேற்பார்வை உள்ள வேளைகளில் நாயின் வாரைக் கழற்றாது விட்டுவைத்தால், கழுத்தைப் பற்ற நேராமல் வாரைப் பிடித்தே விலக்க இயலும்.

தவிர்க்க வேண்டியவை

உறுமும் நாயை அடித்தல் தீங்கானது. உறுமல் ஓர் எச்சரிக்கை. அடியால் அது அடங்குமேயன்றி அச்சம் அடங்காது. பின்னர் எச்சரிக்கையின்றியே கடி நிகழும்.

நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் கூறும் காலங்களில் அதனைத் தொடர்தல் வேண்டும். எந்தப் பிராணி கடித்தாலும் பிறாண்டினாலும், காயத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, தாமதமின்றி மருத்துவரை நாடுதல் வேண்டும். வெறிநோயின் அறிகுறிகள் தோன்றிய பின் உயிர் பிழைத்தல் மிக அரிது.

நாயின் கடி தோலைக் கிழிக்குமாயினும், பூனை ஒரு நாளுக்கு மேல் உண்ணாது ஒளிந்திருக்குமாயினும், பயிற்சியை நிறுத்தி மருத்துவரின் ஆலோசனையைப் பெறுதல் கடமை. மற்ற வீடுகளில் சில வாரங்களிலேயே மாறுதல் தெரியத் தொடங்கும். பூனையைக் கண்ட நாய் அதன்மேல் பாயாமல் வளர்ப்பவரின் கையை நோக்கித் திரும்புமாயின், அக்கை அதற்கு அச்சப்பொருளாக இல்லை என்பது தெளிவு. உண்ணி எடுப்பதும் நகம் வெட்டுவதும் அதன் பின்னர் எளிதாகும்.